முப்பரிமாண வெக்டர் கிட்: கூட்டலுக்கு அருமை, பெருக்கலுக்கு மூலையை விட்டு வெளியே வரணும்

பாரிமுனை பக்கம் லேப் சாமான் விக்கிற கடையில 850 ரூபாய்க்கு வாங்கினது. கம்பெனி பேர் எதுவும் போடலை. 5-க்கு 3.5 தரலாம்.

பொண்ணு பிளஸ் ஒன், ஸ்டேட் போர்டு. கணக்குப் புத்தகத்துல எட்டாவது பாடம் வெக்டர் இயற்கணிதம், அதாவது நீளமும் திசையும் உள்ள அம்புகளோட கணக்கு. ரெண்டு அச்சு வரைக்கும் நோட்டுல அம்பு போட்டு ஓட்டிட்டா. மூணாவது அச்சு வந்ததும் எது மேலே ஏறுது, எது நம்மளைப் பார்த்து வருதுன்னு தாள்ல தெரியலை. அதுக்காகத்தான் இது.

பெட்டியில ஒரு மரப்பலகை, பத்துக்குப் பத்து ஓட்டை, ரெண்டு ஓட்டைக்கு நடுவுல 2 செ.மீ. ஓட்டையில நட்டுவைக்க மெல்லிசான ஸ்டீல் கம்பிங்க, அதுலயும் 2 செ.மீ.க்கு ஒரு கோடு. கம்பியில ஏத்தி இறக்கி, திருகி நிறுத்துற பிளாஸ்டிக் மணி. ரெண்டு முனையிலும் கொக்கி வெச்ச எலாஸ்டிக் நூல், ஒரு முனையில அம்பு. பலகை மூலையில இருக்கிற ஓட்டைதான் ஆதிப்புள்ளி.

கூட்டல்ல இந்த கிட்டை அடிச்சுக்க முடியாது. (1, 2, 2) ஒரு வெக்டர், அதாவது ஒரு பக்கமா 1 ஓட்டை, இன்னொரு பக்கமா 2 ஓட்டை, மேல 2 கோடு. (1, 1, 4) இன்னொண்ணு. மூலையில இருந்து முதல் நூல். அது முடியுற மணியில இருந்து ரெண்டாவது நூல். போய்ச் சேர்ற இடம் (2, 3, 6). இப்போ வரிசையை மாத்தி, (1, 1, 4)-ஐ முதல்ல கட்டிட்டு அதோட தலையில (1, 2, 2)-ஐ மாட்டினா, அதே மணிக்குத்தான் வருது. நாலு நூலும் சேர்ந்து அந்தரத்துல சாய்ஞ்சு நிக்கிற இணைகரம். குறுக்கே மூலைவிட்டமா அஞ்சாவது நூலைப் போட்டு ஸ்கேல் வெச்சா 14 செ.மீ., 2 செ.மீ. ஒரு அலகுன்னா 7 அலகு. 2, 3, 6-ஓட வர்க்கம் 4, 9, 36 கூட்டினா 49, வர்க்கமூலம் 7. தனித்தனியா அளந்தா முதல் நூல் 6 செ.மீ., ரெண்டாவது கிட்டத்தட்ட 8.5 செ.மீ. ரெண்டும் சேர்ந்து 14.5 வருது, நேர்வழி 14-தான். முக்கோணத்துல ரெண்டு பக்கம் சேர்ந்தா மூணாவதைவிடப் பெருசுன்னு எட்டாங்கிளாஸ் டீச்சர் சொன்னதை ஸ்கேல்ல பார்த்தாச்சு.

இப்போ ஒரு எண்ணால பெருக்குறது. (1, 2, 2)-ஐ 2-ஆல பெருக்கினா (2, 4, 4), 3-ஆல பெருக்கினா (3, 6, 6). மூணு மணியையும் வெச்சுட்டு, "அப்பா, ஒரு கண்ணை மூடிக்கினு இந்தக் கடைசி மணி வழியா பாரு"ன்னா. முன்னாடி மணி பின்னாடி ரெண்டையும் மறைச்சு, மூலை ஓட்டையையும் மறைச்சுது. நூல் கட்டவே வேணாம், ஒரே கோடுன்னு கண்ணு சொல்லிடுது. அவ கிளாஸ்ல பசங்க உயரத்தை மட்டும் பெருக்காம விட்டுட்டு (2, 4, 2)-ன்னு எழுதுவாங்களாம். அப்படி வெச்சா அந்த மணி ஓரமா தலையை நீட்டுது.

நான் ஹார்பர்ல கன்டெய்னர் கிரேன் ஓட்டுறவன், அதனால இது எனக்கு சட்டுனு புரிஞ்சுது. பெட்டியைக் கிடையா நகர்த்துற டிராலியும், தூக்கி இறக்குற ஹாய்ஸ்டும் சேர்த்து ஓட்டினா பெட்டி சாய்வா போகும். ரெண்டு வேகத்தையும் பாதியாக்கினா அதே சாய்வு, மெதுவா. ஹாய்ஸ்டை மட்டும் குறைச்சா பெட்டி வேற ரூட்ல போகும், கீழே இருக்கிற அடுக்குல இடிச்சா வேலை போச்சு. எல்லாக் கூறையும் ஒரே எண்ணால பெருக்கணும்கிறது எங்களுக்கு பாடம் இல்லை, சம்பளம்.

குறைக்கு வர்றேன். ஆதிப்புள்ளியை மூலையில வெச்சதால பாசிட்டிவ் எண் மட்டும்தான் செல்லும். −1-ஆல பெருக்கினா அம்பு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பணும். இங்கே திரும்பினா பலகைக்கு வெளியே, மேஜைக்குக் கீழே போகுது. கூட வர்ற சீட்டுல 1843-ல ஹாமில்டன்கிற கணித மேதை டப்ளின்ல ஒரு பாலத்துமேல ஐ, ஜே, கே சூத்திரத்தைச் செதுக்கின கதை அரைப்பக்கம் இருக்கு. மைனஸ் பத்தி ஒரு வரி இல்லை.

இதுக்கு வழி இருக்கு, காசு செலவில்லை. நடுவுல ஒரு கம்பியை நட்டு, 10 செ.மீ. உயரத்துல மணியை நிறுத்தி, அதையே ஆதிப்புள்ளின்னு வெச்சுக்கோங்க. இப்போ முன்னே பின்னே, இடம் வலம், மேல கீழ, ஆறு பக்கமும் இடம் கிடைச்சிடுது. (1, 2, 2)-ம் (−1, −2, −2)-ம் அந்த மணிக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டுல நிக்கும். கழித்தலும் இதுலயே ஆச்சு, ரெண்டாவது வெக்டரைத் திருப்பிப்போட்டுக் கூட்டினா போதும். பலகையில அச்சடிச்ச எண் மட்டும் மூலையில இருந்து 0, 1, 2-ன்னு போறதால குழப்பும். நாங்க மேல மாஸ்கிங் டேப் ஒட்டி −5-ல இருந்து 4 வரைக்கும் எழுதிட்டோம்.

பாதியால பெருக்க முடியாது, 1-ல பாதிக்கு ஓட்டை இல்லை. இரட்டைப்படை எண்ணா எடுத்து (2, 4, 4)-ல பாதின்னு கணக்கு போட்டுக்கலாம். மணியோட திருகு மட்டமான பிளாஸ்டிக். கொஞ்ச நாள்ல மரை தேஞ்சு மணி கம்பியில நழுவுது, எலாஸ்டிக் இழுக்கிற பக்கம் சாயுது. சின்ன ரப்பர் வளையம் ஒண்ணு கீழே மாட்டினா நிக்கும்.

குறுக்குப் பெருக்கலுக்கு, அதாவது ரெண்டு வெக்டருக்கும் செங்குத்தா மூணாவது வெக்டர் வர்ற பெருக்கலுக்கு, ஆகுமான்னு கேட்டா, விடையைக் கணக்கு போட்டுக் கண்டுபிடிச்சு மணியை வெச்சுப் பார்க்கலாம், செங்குத்தா இருக்கான்னு மூலைமட்டம் வெச்சு சரிபார்க்கலாம், அவ்வளவுதான். அதே கடையில மணி உதிரியாவும் கிடைக்குது. வாங்கும்போதே ஒரு பாக்கெட் சேர்த்துக் கேளுங்க.