கானாடுகாத்தானில் பிபா சௌத்ரி: ஓர் அரைநாள் அறிவியல் நிகழ்ச்சி

கானாடுகாத்தானின் பழைய நகரத்தார் வீடு ஒன்றில் பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடத்தப்படும் இந்த அரைநாள் நிகழ்ச்சி, துகள் இயற்பியலாளர் பிபா சௌத்ரி ஒருவரின் வாழ்க்கையை மட்டுமே எடுத்துக்கொண்டு அதன் வழியாக இயற்பியலைக் கற்றுத்தருகிறது. பல விஞ்ஞானிகளின் படங்களை வரிசையாக மாட்டிவைத்து ஆளுக்கு இரண்டு வரி சொல்லும் கண்காட்சிகளைவிட இது எவ்வளவோ மேல்.

முகப்பில் நடக்கும் உரை 1913இல் கல்கத்தாவில் அவர் பிறந்ததிலிருந்து தொடங்கினாலும், அதன் உயிர்ப்பகுதி டார்ஜிலிங்கிலும் அதையடுத்த இமயமலை முகடான சந்தக்ஃபூவிலும்தான் இருக்கிறது. இயற்பியலாளர் தேபேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து அவர் அந்த மலைகளில் ஒளிப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அவற்றில் பதித்த தடங்களை நுண்ணோக்கியில் அளந்து, எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளை மதிப்பிட்டதையும், 1940களின் தொடக்கத்தில் அது 'நேச்சர்' இதழில் வெளிவந்ததையும், போர்க்காலத்தில் மேலும் நுட்பமான தகடுகள் கிடைக்காததால் வேலை நின்றுபோனதையும் நிதானமாக விளக்குகிறார்கள்.

பிறகு எல்லோரையும் இருட்டாக்கப்பட்ட இரண்டாங்கட்டு அறைக்கு அழைத்துச் சென்று துகள்கள் செல்லும் பாதையை ஆவியில் கோடுகளாகக் காட்டும் கருவியான முகில் அறையைக் காட்டுகிறார்கள். உலர் பனிக்கட்டியால் குளிரூட்டிய கரிய தகட்டின் மேல் ஆல்கஹால் ஆவி படிந்து நிற்க, அதைக் கடக்கும் மியூவான்கள் (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் உண்டாகும் துகள்கள்) நேரான மெல்லிய வெண்கோடுகளாகத் தெரிகின்றன. உள்ளங்கையளவு பரப்பை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடக்கிறது என்றபோது, "கூரையைத் தாண்டியா வருது?" என்று ஓர் ஆச்சி கேட்டார். "ஆமாம் ஆச்சி, ஓடுகளையும் தாண்டி, உங்களையும் தாண்டித்தான் போகுது" என்று சொல்லிவிட்டு, கருவியின் மேல் தேக்குப் பலகை ஒன்றை வைத்து, கோடுகள் அப்போதும் தோன்றுவதைக் காட்டினார் வழிகாட்டி. அந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் அந்த மலைகளில் பிபா பயன்படுத்திய கருவி முகில் அறை அல்ல. முகில் அறையின் கோடு கண்ணிமைப்பதற்குள் கலைந்துவிடும்; தகட்டில் விழுந்த தடமோ நிலைத்திருக்கும். அதனால்தான் புள்ளிகளின் நெருக்கத்தையும் தடம் விலகும் அளவையும் பொறுமையாக அளந்து நிறையைக் கணக்கிட அவரால் முடிந்தது. தடத்தின் பெரிதாக்கிய படம் ஒன்றையாவது வைத்து மாணவர்களையே அளக்கச் சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை, உரை 1950இல் முடிந்துவிடுவது. அதே ஒளிப்பட முறையை மேம்படுத்தி பை-மீசான் என்ற துகளைக் கண்டறிந்த ஆங்கிலேய இயற்பியலாளர் செசில் பவலுக்கு அவ்வாண்டு நோபல் கிடைத்ததைச் சொல்லி, கிடைக்காத பரிசின் கதையாக பிபாவின் வாழ்க்கையைச் சுருக்கிவிடுகிறார்கள். மான்செஸ்டரில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் காற்றுப் பொழிவுகளை, அதாவது ஒரு காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது கொட்டும் துகள் மழையை, முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து, 1949இல் பம்பாயின் டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் பணியைத் தொடர்ந்து 1991இல் மறைந்தவர் அவர். அந்த நாற்பதாண்டு உழைப்பைக் கேட்காமல் ஒரு மாணவி வீடு திரும்பினால், ஆராய்ச்சி என்பது பரிசுக்கான ஓட்டம் என்றே அவள் எண்ணிக்கொள்வாள்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். உலர் பனிக்கட்டி வெளியூரிலிருந்து வருவதால் உச்சிவேளைக்குள் ஆவியாகிவிடுகிறது. காலை அமர்வுக்கே முன்பதிவு செய்யுங்கள்.