நாலு விரற்கடை தூரம்: வீவக வீட்டில் டைனமிக் மைக்கின் நெடுநாள் பயன்பாடு

டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் ஒலிவாங்கி) வாங்கினால் வெளிச்சத்தம் பதியாது என்று நம்பி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாறுகிறார்கள். மேசையின் மறுகோடியில் மைக்கை நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஒலி குறைவாக இருக்கிறதே என்று கெயினை (ஒலிப்பெருக்க அளவை)த் திருகுவார்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பக்கத்துப் புளோக்கில் சுவர் துளைப்பது, ஏர்கோன், கீழே நின்று கிளம்பும் பேருந்து எல்லாம் கணீரென்று பதிந்திருக்கும்.

எது குரல், எது இரைச்சல் என்று டைனமிக் மைக்குக்குத் தெரியாது. அதன் உணர்திறன் குறைவு, அதனால் வாயருகே வைத்தாக வேண்டும். வாயருகே வைப்பதால் குரல் மட்டும் ஓங்கி நிற்கிறது. இரைச்சல் அடங்குவதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். 60 செ.மீ.யிலிருந்து 30, 15, 7.5 என்று மூன்று முறை பாதியாக்கினால் 18 டெசிபெல். அறையின் இரைச்சலோ இருந்த இடத்தில் இருக்கும். இந்த 18 டெசிபெல்லை இவ்வளவு சுத்தமாகத் தரும் மென்பொருள் கிடையாது. 7.5 செ.மீ. என்பது நாலு விரலைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம். பதிவைத் தொடங்கும்போது உதட்டுக்கும் வலைக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தால் போதும்.

எதை வாங்குவது

1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58, மேடைக்கென்று செய்யப்பட்டது. பேச்சுக்கும் தாராளமாகப் போதும். வலைக்குள் மெல்லிய பஞ்சு இருந்தாலும் இவ்வளவு நெருக்கத்தில் பேசும்போது மேலே இன்னொரு பஞ்சுறை மாட்டுவது நல்லது. பழைய மைக்காக வாங்கினால் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அசலின் எடை 298 கிராம். போலிகள் நிறையப் புழங்குவது இந்த மாடலில்தான், பலவும் எடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எஸ்எம்7பி 2001இல் வந்தது. விலை எஸ்எம்58ஐப் போல் பல மடங்கு. அந்த வேறுபாட்டில் பாதி குரலின் தரத்துக்கு, மீதி வடிவத்துக்கு என்று சொல்லலாம். இதில் ஒலிவாங்கும் பகுதி கூட்டுக்குள் சற்றுத் தள்ளி இருக்கிறது. பஞ்சில் உதடு உரசப் பேசினாலும் உள்ளே கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். முன்னும் பின்னும் அசைந்து பேசுகிறவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி. பின்புறம் இரண்டு சுவிட்சுகள் உண்டு. ஒன்று கீழ்சுருதியைக் குறைக்கும், மற்றது நடு மேல்சுருதியைத் தூக்கும். தமிழ்ப் பேச்சுக்கு இரண்டாவதை ஏற்றி வைப்பதே சரி. காரணம் பின்னால் வருகிறது.

ரோட் பாட்மைக்கின் எடை 937 கிராம், எஸ்எம்7பி 766 கிராம். மைக்கைத் தாங்கும் கைக்கு எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்காமல் வாங்கினால், பதிவின் நடுவே மைக் மெல்ல மெல்லத் தலைகுனியும்.

ஒருவர் மட்டும் பேசுவதற்கு, முதன்முறை வாங்குகிறவருக்கு, சாம்சன் கியூ2யூ போல யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை ஒலிக் கேபிள் இணைப்பு) இரண்டும் உள்ள மைக் போதும் என்பதே எங்கள் தீர்ப்பு. இன்று கணினியில் நேரடியாகச் செருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் வழியாக மாட்டலாம். இரண்டு பேர் என்றால் மட்டும் தொடக்கத்திலேயே எக்ஸ்எல்ஆருக்குப் போய்விடுங்கள். இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் சேர்ப்பது தலைவலி. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஓடும், பல மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்கும்.

இணையத்தில் வெளிநாட்டு விலையைப் பார்த்து மலைக்கவோ மகிழவோ வேண்டாம். 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டியபின், உத்தரவாதத்தோடு உள்ளூர்க் கடையில் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போவது உண்டு.

கெயின் கணக்கு

எஸ்எம்7பிக்குக் கூடவே ஒரு பூஸ்டர் (மைக்கின் மெல்லிய ஒலியை இன்டர்ஃபேஸுக்கு முன்பே பெருக்கும் சிறு கருவி) வாங்கியே ஆகவேண்டும் என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் உணர்திறன் மைனஸ் 59 டெசிபெல். 94 டெசிபெல் ஒலிக்கு அது தருவது 1.12 மில்லிவோல்ட்தான். இயல்பான பேச்சை நாலு விரற்கடையில் வாங்கி, மீட்டரில் சராசரி மைனஸ் 18 அருகே நிற்கவைக்க ஏறத்தாழ 60 டெசிபெல் கெயின் வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் டூஐடூ இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை 56 தரும், நான்காம் தலைமுறை 69 தரும். பழையதில் திருகு கடைசிவரை போகும், புதியதில் இடம் மிஞ்சும். எஸ்எம்58 ஏறக்குறைய நாலரை டெசிபெல் ஓங்கி ஒலிப்பதால் பழையதிலும் சமாளித்துவிடும்.

சரி, கடைசிவரை திருகினால் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் வராதா? மூன்றாம் தலைமுறை டூஐடூவின் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியு. எஸ்எம்7பியின் உணர்திறனோடு சேர்த்துப் பார்த்தால், அது அறையில் 23 டெசிபெல் ஒலி இருப்பதற்குச் சமம். ஏர்கோன் ஓடும் எந்தப் படுக்கையறையும் அதைவிடச் சத்தமானது. ஆக, சீறல் அறையின் இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிடும். வீவக வீட்டில் பதிகிறவருக்குப் பூஸ்டர் பெரும்பாலும் வீண்செலவு. அந்தக் காசைக் கனமான திரைச்சீலைக்குப் போடலாம். மிக மென்மையாகப் பேசுகிறவர், அல்லது இரைச்சல் மிகுந்த மலிவு இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் மட்டும் வாங்கலாம். பூஸ்டர்களில் கிளவுட்லிஃப்டர் 25 டெசிபெல்லும் ஃபெட்ஹெட் 27 டெசிபெல்லும் கூட்டும். இரண்டும் இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரம் போட்டால்தான் வேலை செய்யும். போடாமல் விட்டுவிட்டு “மைக் செத்துவிட்டது” என்று புலம்புவது அடிக்கடி நடக்கும். 2023இல் வந்த எஸ்எம்7டிபியில் பூஸ்டர் உள்ளேயே இருக்கிறது. அதற்கும் அதே 48 வோல்ட் வேண்டும்.

தமிழ் உச்சரிப்பும் மைக்கும்

ஆங்கில வழிகாட்டிகள் ‘பாப்’ சத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பகரத்தோடு காற்றும் சேர்ந்து வெடிக்கிறது. தமிழ்ப் பகரத்தில் அந்தக் காற்று இல்லை. “பழம்”, “பாட்டு” என்று எத்தனை முறை சொன்னாலும் மைக் அதிராது. ஆனால் சிங்கப்பூர்ப் பேச்சில் ‘பாட்காஸ்ட்’, ‘பேரண்ட்ஸ்’, ‘பிஎஸ்எல்இ’ என்று வாக்கியத்துக்கு ஒன்றாவது ஆங்கிலக் காற்றோடு வந்து விழும். அதற்காகத்தான் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், ஓரமாக 30 முதல் 45 பாகை விலக்கி, அதன் முகம் உதட்டின் ஓரத்தைப் பார்க்கும்படி திருப்பி வைக்கச் சொல்வது. காற்று நேராகப் போய்விடும், ஒலி மட்டும் மைக்கில் விழும்.

ல, ழ, ள வேறுபாடு இன்னொரு சிக்கல். நாக்கை மடித்துச் சொல்லும் ழகரத்தை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. மைக்கை மிக நெருக்கினால் கீழ்சுருதி வீங்கும். குரல் வானொலி அறிவிப்பாளர் போலக் கம்பீரமாகத் தோன்றும், ஆனால் “வாழை”யும் “வாளை”யும் ஒன்றாகிவிடும். 2 செ.மீ.க்குள் போகாதீர்கள். எஸ்எம்7பியின் இரண்டாவது சுவிட்சை ஏற்றச் சொன்னதும் இதனால்தான்.

மூன்றாவது, நாய்ஸ் கேட், அதாவது ஒலி ஓரளவுக்குக் கீழ் போனதும் பதிவை அடைக்கும் வடிகட்டி. சொல்லின் கடைசியில் அரை மாத்திரையாய் ஒலிக்கும் குற்றியலுகரத்தை அது கடித்துத் துப்பிவிடும். “வந்து”, “பேச்சு”, “ஆறு” எல்லாம் முடமாகி நிற்கும். கேட் போட்டே ஆகவேண்டும் என்றால் ஹோல்டு 150 மில்லிசெகண்ட், ரிலீஸ் 250க்கு மேல் வைத்து, முழுவதும் அடைக்காமல் 8 முதல் 10 டெசிபெல் மட்டும் குறையும்படி விடுங்கள்.

அறை

சத்தம் போகாத இடம் என்று நினைத்து வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டுக்காப்பு அறைக்குள்) மைக்கோடு நுழைகிறவர்கள் உண்டு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் நாலு பக்கமும் வெறும் கான்கிரீட். 1.6 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்கள் 107 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். ஆண்குரலின் அடிச்சுருதி சுற்றிவரும் இடமே அதுதான். குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். மேல்சுருதியும் சுவருக்குச் சுவர் துள்ளும். மெத்தையும் துணியும் அடைத்த படுக்கையறை இதைவிட எவ்வளவோ மேல்.

மைக் எதைப் பார்க்கிறது என்று யோசித்தால் அறையைச் சரிசெய்வது எளிது. கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) மைக்கின் முதுகுப்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மைக்கின் முகம் பேசுகிறவரைப் பார்க்கிறது. ஆகவே பேசுகிறவருக்கு முன்னால் இருப்பதெல்லாம் மைக்கின் முதுகுக்குப் பின்னால். சன்னலையும் ஏர்கோனையும் உங்களுக்கு எதிரே வையுங்கள். ஒலி உறிஞ்சும் பொருள்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, எதிர்ச்சுவரில் 2.5 செ.மீ. பஞ்சு ஒட்டி, முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டுவிடுகிறார்கள். அந்த மெல்லிய பஞ்சு மேல்சுருதியை மட்டும்தான் தின்னும். புத்தகம் நிறைந்த அலமாரி அல்லது கனத்த திரை பின்னால் இருந்தால் காணொளிக்கும் அழகு.

நேரமும் முக்கியம். உடைப்பது, துளைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வீவக வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதிக்கிறது. மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் புதுப்பிப்பு அறிவிப்பில் தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு நாளைக் குறியுங்கள். விடியற்காலை அமைதி என்று எழுந்தால் குயில் தொடங்கிவிடும். அதன் கூவல் பேச்சின் நடுச்சுருதியிலேயே விழுவதால் ஈக்யூ (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு நீக்க முடியாது. இரவு 9க்கு மேல் சரியாக இருக்கும்.

காணொளிக்கு

டைனமிக் மைக் படத்தில் தெரியத்தான் செய்யும், அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். மறைக்க வேண்டும் என்றால் காலர் மைக்கோ ஷாட்கன் மைக்கோ வாங்க வேண்டும். முகத்தை மறைக்காமல் இருக்கத் தாழ்வான கையில், மோவாய்க்குக் கீழிருந்து மேல்நோக்கி வைப்பது வழக்கம். அப்போது மைக் கூரையைப் பார்க்கிறது. சீலிங் ஃபேன் ஓடினால் அதன் காற்று குரலை அலை அலையாக ஆட்டும். பதிவின்போது விசிறியை நிறுத்திவிட்டு, ஏர்கோனை முன்கூட்டியே குளிரவைத்து, மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள்.

மேசை உள்ளே அட்டைத் தேன்கூடு நிரப்பிய மலிவு வகை என்றால், மைக் கையின் கிளாம்பு நேரே மேல்தட்டை நசுக்கிவிடும். மேலும் கீழும் ஒரு மரப்பலகை வைத்து இறுக்குங்கள்.

எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கேமராவும் இன்டர்ஃபேஸும் தனித்தனியாகப் பதிந்தால் இரண்டின் கடிகாரங்களும் மெல்ல விலகும். பத்து லட்சத்துக்கு 50 பங்கு விலகினாலே ஒரு மணி நேரத்தில் 0.18 செகண்ட், அதாவது 25 ஃபிரேமில் நாலரை ஃபிரேம். உதடும் ஒலியும் பொருந்தாது. தொடக்கத்தில் மட்டுமின்றி முடிவிலும் ஒருமுறை கைதட்டி வைத்தால் இழுத்துச் சரிசெய்யலாம். கேட்பதற்குக் கம்பி ஹெட்ஃபோன் மட்டுமே. புளூடூத் தாமதம் பேச்சைத் தடுமாறவைக்கும்.

ஒலியமைப்பு

உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் இடையில் வரும்படி பதியுங்கள். பிறகு ஆண்குரலுக்கு 80, பெண்குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுங்கள். எம்ஆர்டி ரயில் தடத்தின் உறுமலில் பெரும்பகுதி இதிலேயே போகும். ஓங்கிய ஒலியை அமுக்கும் கம்ப்ரசர் 3:1, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100, ஆறு டெசிபெல்லுக்கு மேல் அமுக்க வேண்டாம். பாட்காஸ்ட்டுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியின் அளவை), உச்சம் மைனஸ் 1. மைனஸ் 14ஐவிட ஓங்கியிருந்தால் யூடியூப் தானே அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும்.

இருவர் பேசினால் இரண்டு மைக்குகளுக்கு இடைப்பட்ட தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

‘ங்’ என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு மைக்கில் இல்லை, மின்னிணைப்பில் இருக்கிறது. இரண்டு முனைப் பிளக்கைப் பேனாவால் நெம்பி மூன்று துளைச் சாக்கெட்டில் செருகும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஒலிக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவாவது பாதுகாப்பு முத்திரையுள்ள அடாப்டர் வாங்குங்கள். கைப்பேசியால் வரும் ‘டிட் டிட்’ சத்தம் மட்டும் 2017இல் 2ஜி சேவை நிறுத்தப்பட்டபின் இங்கே ஒழிந்தது.

ஆண்டுகள் போனபின்

டைனமிக் மைக்கின் உட்பகுதி இந்த ஊர் ஈரத்துக்கு அசையாது. கண்டென்சர் மைக் போல ஈரப்பதத்தில் பொரிவதில்லை, உலர்பெட்டி கட்டாயமும் இல்லை. கெட்டுப்போவது சுற்றியிருப்பவைதான். முதலில் பஞ்சு. ஈரமும் எச்சிலும் சேர்ந்து பாலியூரித்தேன் பஞ்சு பிசுபிசுத்து, பிறகு தூளாக உதிரும். தூள் வலைக்குள் போனால் எடுப்பது கடினம். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, ஒருநாள் முழுக்க நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டக்கூடாது. எஸ்எம்58இன் வலையைத் திருகிக் கழற்றித் தனியே கழுவலாம், மைக்கை அல்ல.

அடுத்து கேபிள். எக்ஸ்எல்ஆர் முனையில் மடங்கும் இடத்தில் உள்கம்பி விட்டுப்போய் ‘கரகர’ என்னும். அசைத்தால் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். யூஎஸ்பி மைக்கில் துளையே தளர்ந்துவிடும் என்பதால் கேபிளை மைக்கிலேயே நிரந்தரமாக விட்டு, கணினிப் பக்கம் மட்டும் கழற்றுங்கள். உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. இரும்புத் தூள் சிந்தும் மேசையில், துளைபோடும் வேலை நடக்கும் அறையில், மைக்கைத் திறந்து வைக்காதீர்கள். ஒட்டிய தூள் தானாக விழாது. டேப்பால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும்.