“எல்லா மினி டிராக்டருக்கும் பொருந்தும்” என்று சொல்லி விற்றதை வாங்கினேன்

மினி டிராக்டரில், பின்னால் மாட்டும் கருவி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைக் கழற்றிவிட்டு, அதே வேலைக்கு ஸ்டெபிலைசர் பார் என்ற இரும்புத் தண்டு போடலாம் என்ற யோசனையில் இருப்பவர்கள், வாங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான்.

செயின் மேல் எனக்கு வெகு நாளாக எரிச்சல். மண்ணைக் கிளறும் ரொட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு பாதையில் போனால் பின்னால் தொட்டில் மாதிரி ஆடும். ஒரு திருப்பத்தில், கருவியைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் லிங்க் டயரில் உரசி, ரப்பரைச் சீவிவிட்டது. செயினின் தளர்வைக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வில் லாக் நட் தளர்ந்து, அரை நாளில் பழையபடி ஆகிவிடும்.

பார் நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். குழாய்க்குள் ஒரு இரும்புப் பட்டை நுழையும். இரண்டிலும் துளை இருக்கும். அந்தத் துளைகளில் இரும்புப் பின்னைச் செருகினால் நீளம் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர், “எல்லா மினி டிராக்டருக்கும் பொருந்தும் சார்” என்றார். என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போதாததற்கு, கழற்றிய செயினையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

பொருத்த வந்தவர் கையிலிருந்த பாரைப் பார்த்தேன். முனை வளையம் 22 மி.மீ., அதை மாட்ட வேண்டிய என் வண்டியின் இரும்புப் பின் 19 மி.மீ. “கொஞ்சம் லூசாக இருந்தால்தான் சார் அசைந்து கொடுக்கும்” என்றார். ஆட்டத்தை நிறுத்தத்தானே இதையே வாங்கினேன்! கூட வந்த போல்ட்டின் தலை மொட்டையாக இருந்தது. 8.8 கிரேடு போல்ட் என்றால் தலையிலேயே அந்த எண் அடித்திருக்கும். சரி, வேலை தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ரொட்டாவேட்டர் தரையில் இருக்கும்போதே நீளம் பார்த்து, பின்னைச் செருகி, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார். நான் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிவரை ஏற்றினேன். பாதி உயரத்தில் இன்ஜின் சத்தம் கம்மியது, பின்னால் ‘டக்’ என்று ஒரு ஓசை. புதுசு, பழகிக்கொள்ளும் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை தூக்கினேன். மூன்றாவது முறை, பாரோடு வந்த இடது பக்கத் தாங்கி வளைந்து, வெல்டிங் ஓரமாகப் பெயின்ட் பிளந்தது. நகத்தால் சுரண்டினால் பெயின்ட்டோடு, குறையை மறைக்கப் பூசிய பட்டி உதிர்கிறது. அடியில் வெல்டிங், எச்சில் வைத்து ஒட்டியது போல அங்கங்கே ஒரு பொட்டு. துளைக்குள் விரலை விட்டால் வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பது அப்புறம்தான் புரிந்தது. லோயர் லிங்க் தன் முன்பக்கப் பின்னை மையமாக வைத்து வளைந்து மேலேறுகிறது. பாரின் முன் முனையும் அதே மையக்கோட்டில் இருந்தால் தூக்கினாலும் இறக்கினாலும் நீளம் மாறாது. என் வண்டியில் பாரின் முன் முனையை மாட்டும் இடம் அதைவிட ஏறக்குறைய 5 செ.மீ. கீழே. அதனால் தூக்கத் தூக்க இடைவெளி கூடுகிறது. செயின் இருந்தவரை அதன் தளர்வு இதைச் சமாளித்தது. விறைப்பான பாரால் முடியாது. ஹைட்ராலிக்குக்கு இதெல்லாம் தெரியுமா? தூக்கச் சொன்னால் தூக்கும். பலவீனமான இடம் பிய்ந்துகொள்ளும். நல்ல பார்களில் வட்டத் துளையோடு நீளத் துளையும் வைத்திருப்பார்கள். பின்னை அதில் போட்டால் கொஞ்சம் நகர இடம் கிடைக்கும். எனக்குத் தந்ததில் அது கிடையாது.

வாங்குவதானால் உங்கள் வண்டியில் பார் மாட்டும் இரண்டு இரும்புப் பின்களுக்கும் இடையிலான நீளத்தை, கருவி தரையில் இருக்கும்போதும் முழுக்கத் தூக்கியபோதும் அளந்துகொண்டு போங்கள். இரண்டு அளவும் வேறாக இருந்தால், வட்டத் துளையில் பூட்டக் கூடாது; அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் நீளத் துளை உள்ள பாராகப் பார்த்து, பின்னை அதில் போட வேண்டும். மாட்டியதும் லிவரை அங்குலம் அங்குலமாக ஏற்றி, பார் இழுபடுகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள், தூக்கிய கருவிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். பொருத்தியவரையும் இந்தச் சோதனை முடியும்வரை அனுப்ப வேண்டாம்.

உடைந்ததை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதிக எடை தூக்கியிருப்பேனாம், அதனால் மாற்றித் தர முடியாதாம். அதே ரொட்டாவேட்டர்தான், செயினோடு வருஷக்கணக்கில் தூக்கியது. பட்டியைக் காட்டினேன், அதற்குப் பதிலே இல்லை. சரி, என் பழைய செயினையாவது கொடுங்கள் என்றேன்.

அது எடைக்குப் போய்விட்டதாம்.