லெவியா, ஆஷ்வர்த்தா: எந்தச் சம்பளம் வீண்?

தேக்கா காப்பிக்கடையில் நள்ளிரவுக் காற்பந்தாட்டம் ஓடினால், தேத்தண்ணி ஆறுவதற்குள் குழு நிர்வாகிகளில் யாருக்குக் கொடுத்த சம்பளம் வீண் என்ற வாதம் கிளம்பிவிடும்.

டேனியல் லெவி 2001 முதல் 2025 வரை லண்டன் காற்பந்துக் குழுவான டோட்டன்ஹமைத் தலைவராக நடத்தினார். சம்பளம் மில்லியன் கணக்கில், கிடைத்த பெரிய கோப்பை இரண்டே. ஆனால் 2019இல் திறந்த பிரம்மாண்டமான அரங்கம் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. 2020இல், கொரோனா நேரத்தில், 550 ஊழியர்களின் சம்பளத்தில் 20 விழுக்காடு வெட்டப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ரசிகர்கள் கொதித்த பிறகுதான் பின்வாங்கினார்கள்.

அப்புறம் இன்னோர் இங்கிலாந்துக் குழு, மான்செஸ்டர் யுனைடெட். 2024 ஜூலையில் விளையாட்டு இயக்குநராக வந்த டான் ஆஷ்வர்த், டிசம்பரிலேயே போய்விட்டார். அவரை அனுப்பிய செலவு மட்டும் 4.1 மில்லியன் பவுண்ட். பயிற்றுவிப்பாளர் டென் ஹாக்கையும் அவர் குழுவையும் அனுப்ப இன்னும் 10.4 மில்லியன். அதே ஆண்டில்தான் சுமார் 250 பேரின் வேலையைப் பறித்தார்கள். பருவத்தின் நடுவில் டிக்கெட்டை 66 பவுண்டாக ஏற்றினார்கள், சிறுவருக்கும் முதியவருக்கும்கூடச் சலுகை இல்லை.

லெவிமேல் கோபம் இருந்தாலும், வீண் என்று நான் சொல்வது ஆஷ்வர்த்துக்குப் போன பணத்தைத்தான். ஆஷ்வர்த்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் பையிலிருந்து அந்தப் பணம் போயிருக்க வேண்டும், சாதாரண ஊழியரின் வயிற்றிலிருந்து அல்ல.