தேவகோட்டை மக்கள் நீதிமன்றம்: கார்டு பாக்கி இருப்பவர்கள் தைரியமாகப் போகலாம்

கிரெடிட் கார்டு பாக்கிக்காக மக்கள் நீதிமன்றத்திலிருந்து (லோக் அதாலத், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம்) நோட்டீஸ் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள், போய் வாருங்கள். தம்பிக்குத் துணையாகத் தேவகோட்டைக்குப் போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன். ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஐந்துக்கு நாலரை தருவேன்.

தம்பிக்குக் காரைக்குடியில் சின்னப் பலகாரக் கடை. மனைவியின் ஆபரேஷனுக்குக் கார்டைத் தேய்த்தான். கொஞ்ச நாள் 'மினிமம் டியூ', அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினான், அப்புறம் அதுவும் நின்றுபோனது. எண்பதாயிரம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிட்டது. வட்டிக் கணக்குத் தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டேட்மென்டை வரி வரியாகப் படித்தார். மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி, லேட் ஃபீஸ், இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. "இது முதலைத் தின்னுற வட்டியால்ல இருக்கு" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

வசூல் ஆட்கள் என்னையும் விடவில்லை. "ஆச்சி, நாளைக்கு போலீஸ் வாரண்டோட வர்றோம், உங்க பெரிய வீடு ஏலத்துக்குப் போயிரும்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு போன். அந்த வீட்டில் எத்தனை பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறது! ஆத்தா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அங்கே இருந்த வக்கீல் அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. 1980லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கையில் வசதி இருந்தும் ஏமாற்றுகிறவர்கள் கதை வேறு. பாக்கிக்காகக் கொடுத்த செக் திரும்பினால் அதுவும் வேறு: மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை. அதனால் அக்கவுண்டில் பணம் இல்லாமல் யாருக்கும் செக் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வருவோம். கார்டுக்கு அடமானம் எதுவும் இல்லை. அதனால் வங்கி நேராக வந்து நோட்டீஸ் ஒட்டி ஏலம் விட முடியாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு டிக்ரி (தீர்ப்பாணை) வாங்க வேண்டும், அப்புறமும் தம்பியின் பங்கை மட்டும்தான் ஜப்தி கேட்கலாம். மற்ற பங்காளிகள் பங்கைத் தொட முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழில் செய்கிறவரின் கருவிகள் எல்லாம் ஜப்தியில் வராது. இதைக் கேட்ட பிறகுதான் ஆத்தா முகத்தில் தெளிவு வந்தது.

அந்த ஒன்பது மணி போனுக்கும் பதில் இருக்கிறது. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை. தம்பி வங்கிக்கு எழுதிப் போட்டதுமே போன் நின்றது.

மக்கள் நீதிமன்றத்தன்று மேஜைக்கு அந்தப் பக்கம் நீதிபதியும் ஒரு வக்கீலும், இந்தப் பக்கம் நாங்களும் வங்கிக்காரரும். அவர் ஒன்றே கால் லட்சத்திலேயே நின்றார். தம்பி கடைக் கணக்கு நோட்டையும் ஆஸ்பத்திரி பில்லையும் எடுத்து வைத்தான். நீதிபதி இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதலுக்கு மேலே நியாயமா எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று வங்கிக்காரரைக் கேட்டார். அவர் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். தொண்ணூற்றிரண்டாயிரம், நாலு தவணை என்று முடிந்தது. வங்கி மட்டும் இறங்கி வரவில்லை என்றால் யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் அப்படி. நான் அரை குறைத்தது அதற்காகத்தான்.

கையெழுத்துப் போடும் முன் நன்றாக யோசியுங்கள். அங்கே எழுதுகிற உத்தரவுக்கு கோர்ட் டிக்ரியின் பலம் உண்டு, அப்பீலும் கிடையாது. தவணை தவறினால் வங்கி வழக்கே போடாமல் நேராக, உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்குப் போய்விடலாம். அதனால் கடை எவ்வளவு தாங்குமோ அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். பழைய கடன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடியும் மூன்று வருடம் எண்ண வேண்டும். உங்கள் கடனுக்குக் கெடு முடிந்துவிட்டதா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுப் பேச உட்காருங்கள்.

குறைத்துக் கட்டியதால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் விழும், 'க்ளோஸ்டு' என்று வராது. அடுத்த லோனுக்கு அது இடிக்கும். தம்பி அதைத் தெரிந்தேதான் சம்மதித்தான். கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியிலிருந்து வாங்கி, உத்தரவு நகலோடு சேர்த்து வைத்திருக்கிறான். உங்களுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 15100க்குப் போன் போடுங்கள். அது சட்ட உதவிக்கான இலவச எண்.