மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு: மின்னதிர்வா, காந்தமா, மூளைக்குள் கம்பியா?

இரண்டு வகை மாத்திரைகளைப் போதிய அளவில், போதிய காலம் சாப்பிட்டும் தீராத மனச்சோர்வைத்தான் டாக்டர்கள் பொதுவாக 'மருந்துக்கு அடங்காதது' என்கிறார்கள். அப்புறம் மூளையையே தூண்டிப் பார்க்கும் வழிகள் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று.

முதலாவது மின்னதிர்வு, அதாவது மூளைக்குள் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைப்பது. 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்றாலே வீடே பதறும். 1938-இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரு டாக்டர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் பயம் இன்னும் விடவில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்று இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவருக்கும், தற்கொலை எண்ணம் முற்றியவருக்கும் மூன்றில் இதுதான் வேகமானது, பலமானது. ஆனால் மறதி வரும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்குப் பழைய நினைவுகள் சில திரும்புவதே இல்லை. இதை முன்கூட்டிச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

அவசரம் இல்லையென்றால் காந்தத் தூண்டலைத்தான், அதாவது தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவதைத்தான், முதலில் பார்க்கச் சொல்வேன். மயக்க மருந்து வேண்டாம், அந்த மறதியும் இல்லை. வலிப்பு மிக அபூர்வம். தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாது. தொல்லை, நாலைந்து வாரம் தினமும் அலைவதுதான். அதிலும் ஒரு நல்ல செய்தி: 414 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், 3 நிமிடத் தூண்டல் பழைய 37.5 நிமிடத் தூண்டலுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. அதே ஒரு மெஷினில் ஒரு நாளில் எத்தனை பேரைக் கூடுதலாகப் பார்க்கலாம்!

மூளைக்குள் கம்பி வைப்பதுதான் இன்னும் முடியாத கதை. ஆபரேஷன் செய்து மூளைக்குள் மெல்லிய கம்பியையும் நெஞ்சுக்குள் பேட்டரியையும் வைத்துக் கரண்ட் கொடுப்பார்கள். 2005-இல் கனடாவின் டொராண்டோவில் நரம்பியல் டாக்டர் ஹெலன் மேபெர்க்கின் குழு 6 பேருக்கு வைத்தது. 4 பேர் நன்றாகத் தேறினார்கள். நம்பிக்கை பொங்கியது. பிறகு அமெரிக்காவில் 90 பேருக்குக் கம்பி வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் 6 மாதம் கரண்ட்டை ஓடவிடாமல் ஒப்பிட்டார்கள். தேறியவர்கள், கரண்ட் ஓடியவர்களில் 20 சதவீதம், கரண்ட் ஓடாதவர்களில் 17 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் எல்லோருக்கும் ஓடவிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, 2 வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். அப்போது ஒப்பிட ஆள் இல்லாததால் கம்பியால்தான் தேறினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு 6 மாதக் கெடு குறைவு என்றே நினைக்கிறேன்.

இப்படியோர் ஆய்வில் சேரக் கூப்பிட்டால் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆய்வு முடிந்தபின் நெஞ்சுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால், மாற்றும் செலவு யாருடையது?