எண்ணிக்கை முடிந்ததும் நின்றுவிடும் இயந்திரம்

ரத்தத்தைப் பிரித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (ஏ1சி) அளக்கிற எங்கள் லேபின் எச்.பி.எல்.சி. இயந்திரத்தில், கசிவைத் தடுக்கும் பம்பின் 'சீல்' நேற்றுதான் மாற்றினார்கள். நான்கு நாள் இயந்திரம் ஓடவில்லை. வந்த ரத்தமெல்லாம் ஊதா மூடிக் குழாயில் குளிர்பெட்டிக்குள் கிடந்தது. ஒரு வாரம் தாங்கும் என்பதால் பிழைத்தோம். என்னோடு லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்த நண்பன், "மூன்று மாதச் சர்க்கரைக்கு எச்.பி.எல்.சி. இயந்திரம் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். ஐந்து வருடமாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று. ரத்தத்தைப் பிரிக்கிற அந்தச் சின்ன எஃகுக் குழாய்க்கு இத்தனை ஓட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை முடிந்தால் இயந்திரம் மறுத்துவிடும். கடைசி நாளிலும் தாளில் வரைகிற வரைபடத்தின் முகடுகள் ஊசிபோலக் கூர்மையாக நிற்கும், ஆனாலும் புதுக் குழாய் வாங்கியே தீர வேண்டும். காலையில் ஒரு பிளாங்க் (ரத்தமில்லாத வெற்று ஓட்டம்), இரண்டு கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) போட்டுவிட்டுத்தான் நோயாளியின் ரத்தத்தைத் தொட முடியும். ஆறு பேர் வருகிற நாளில், போட்ட ஒன்பது ஓட்டத்தில் மூன்று இதிலேயே போய்விடும். கண்ட்ரோலைக் குறை சொல்ல மாட்டேன். 6.4 சதவீதம் வந்தால் ஒருவர் எல்லையில் நிற்கிறார், 6.5 வந்தால் சர்க்கரை நோயாளி ஆகிறார். அந்த ஒரு புள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. அந்த மூன்றையும் நோயாளிகளுக்கான ஓட்டக் கணக்கிலேயே கழிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அந்த வரைபடம்! எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வங்காளத்திலிருந்து வந்த ஒருவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212. மூன்று மாதக் கணக்கை இயந்திரம் தரவே இல்லை. பழுது என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன், அதே கதைதான். பிறகுதான் தாளைப் பார்த்தேன்: பெரியவர்கள் ரத்தத்தில் வழக்கமாக அதிகம் இருக்கிற ஹீமோகுளோபின் ஏ வர வேண்டிய இடம் காலி, கொஞ்சமாக மட்டுமே இருக்கிற ஏ2 வருகிற இடத்தில் மலைபோல ஒரு முகடு. அவருடைய ரத்தத்தில் இருந்தது ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை மாற்று வகை. ஏ1சி என்பது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் ஏ; ஏ இல்லாதவருக்கு அது எங்கிருந்து வரும்? டாக்டரிடம் தாளோடு போய்ச் சொன்னேன். அவர் ஹீமோகுளோபினை நம்பாத ஃபிரக்டோசமைன் என்ற சர்க்கரைச் சோதனையை எழுதிக்கொடுத்து மருந்தைத் தொடங்கினார். வெறும் எண்ணை மட்டும் துப்புகிற கருவியாக இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் தோன்றவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். அதை எந்த வரைபடமும் சொல்லாது. ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வாங்காதே. நாளொன்றுக்கு 20 பேராவது வராத லேபை அந்தக் குழாய் தின்றுவிடும். பெரிய லேபுக்கு அனுப்பிவிடு. அனுப்பும்போது எண்ணோடு வரைபடத்தையும் கேட்டு வாங்கு. தர மாட்டோம் என்றால் வேறு லேபைப் பார்.